ரேமுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

நண்பரின் தாத்தா தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தமிழாசிரியராக இருந்தவர். விடுமுறை நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று காதில் விழுந்ததையெல்லாம் கோடு போட்ட நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் பதினோரு நோட்டுகள். ஊருக்குப் போயிருந்த நண்பர் அவற்றைக் கைப்பையிலேயே வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்து தருவது என் பொறுப்பு. செய்தேன். நோட்டுகள் ஊர் திரும்பின. ஏழு மாதம் கழித்து, ஒன்பதாவது நோட்டில் ஓர் ஒப்பாரியைத் தேடித் திறந்தால், பக்கத்தின் மேல்பாதியில் தாத்தாவின் கையெழுத்து இருக்கிறது. கீழ்ப்பாதியில் பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக ஏதோ.

நான் அவ்வளவு அசட்டையான ஆள் இல்லை. மூன்று பிரதிகள் வைத்திருந்தேன். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டு ஒன்றில் இன்னொன்று, இணையத்தில் மூன்றாவது. மூன்றிலும் அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே கோடுகள். செக்ஸம் சரிபார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இருக்காதா பின்னே, கெட்டுப்போன கோப்புக்குத்தானே செக்ஸம் போட்டு வைத்திருக்கிறேன்! ஆக, வன்தட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கோப்பு கெட்டிருக்கிறது. அதுவரை அது வாசம் செய்த இடம் ரேம். அந்த மாதம்தான் கணினியில் ரேமை இரட்டிப்பாக்கியிருந்தேன் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், ரேம் வாங்கத் தெரியாமல் வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்களும் இதைச் செய்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், எதற்கு அவ்வளவு ரேம்? மின்னஞ்சலும் உலாவியும் கொஞ்சம் கடிதம் எழுதுவதும்தான் வேலை என்றால் 16 ஜி.பி. போதும், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்பவர்கள் கதை வேறு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அகலத்தில் சுமார் 5,000, நீளத்தில் சுமார் 7,000, ஆக மூன்றரைக் கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஒரு பக்கம் 100 எம்.பி.யைத் தாண்டுகிறது. 300 பக்கப் புத்தகத்தை மொத்தமாகத் திறந்து வைத்துக்கொண்டு கோணல் நிமிர்த்தி, கறை நீக்கி வேலை செய்ய 30 ஜி.பி.க்கு மேல் வேண்டும். செய்த மாற்றத்தை ரத்து செய்வதற்காக மென்பொருள் வைத்துக்கொள்ளும் நகல்கள் தனி. போதாதற்கு, மொழி மாதிரிகளை வெளியார் தயவில்லாமல் வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசை என்னைப் போல் பலருக்கும் வந்திருக்கிறது. 7,000 கோடி எண்கள் கொண்ட மாதிரி ஒன்றை, எண்ணுக்கு நான்கு பிட் என்று சுருக்கினாலும் 35 ஜி.பி. ஆகிறது. இப்படித்தான் 64 ஜி.பி. வைத்திருந்த நான் 128-க்கு ஆசைப்பட்டேன்.

ரேம் என்பது அடிப்படையில் ஓட்டைப் பானை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு கெப்பாஸிட்டர் போதும் என்ற யோசனைக்கு ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். கெப்பாஸிட்டரில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். சிக்கல் என்னவென்றால் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டி.டி.ஆர்.4 ரேமில் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறையும், டி.டி.ஆர்.5 ரேமில் 32 மில்லி செகண்டுக்கு ஒருமுறையும் எல்லாப் பானைகளையும் பார்த்து, நிரப்ப வேண்டியதை நிரப்பிவிட்டு வர வேண்டும். 128 ஜி.பி. என்றால் ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான பானைகள். இது தவறே இல்லாமல் நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். எப்போதாவது தவறுவது ஆச்சரியமில்லை.

இந்தப் பானைகளோடு பேசுகிற மெமரி கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டில் தனி சிப்பாக இருந்தது. 2003-ல் வந்த அத்லான் 64-ல் ஏ.எம்.டி.யும், 2008-ல் நெஹேலம் வரிசையில் இன்டெலும் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். எனவே "இந்த போர்டுக்கு இந்த ரேம் சேருமா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க இரண்டு ஜாதகம் போதும். இங்கே பிராசஸர், மதர்போர்டு, அதன் பயாஸ், ரேம் என்று நான்கு ஜாதகங்கள்.

தலைமுறைப் பொருத்தம் சுலபம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அவ்வளவுதான். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகள் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் பிராசஸர் இரண்டையும் ஏற்கும். ஆனால் போர்டு வாங்கும்போதே எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் கடைப் பக்கங்களில் பாதி குழப்பம் தீரும். வழக்கமான டி.டி.ஆர்.5 ஸ்டிக்கில் ஒரு வரிசைக்கு எட்டு சிப். ஒரு சிப் 16 கிகாபிட், அதாவது 2 ஜி.பி. என்றால் வரிசைக்கு 16 ஜி.பி. இந்த வரிசைக்கு ரேங்க் என்று பெயர். இரண்டு ரேங்க் இருந்தால் 32 ஜி.பி. 2023-ல் 24 கிகாபிட் சிப்புகள் கடைக்கு வந்தன. அவற்றால்தான் 48 ஜி.பி. என்ற விநோத எண்ணில் ஸ்டிக்குகள். அதற்குப் பிறகு வந்த 32 கிகாபிட் சிப்புகளால் ஒரே ஸ்டிக்கில் 64 ஜி.பி. இந்தப் புதிய அளவுகள் பழைய பயாஸுக்குப் புரியாது. போர்டு வெளிவந்தபோது அச்சிட்ட கையேட்டில் 128 ஜி.பி.தான் உச்சம் என்று இருக்கும்; பயாஸைப் புதுப்பித்த பிறகு அதே போர்டு 192-ஐயோ 256-ஐயோ ஏற்றுக்கொள்ளக்கூடும். அதனால் கையேட்டை நம்பாமல், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த போர்டின் இன்றைய பக்கத்தைப் பாருங்கள். புது ரேமைச் செருகும் முன்பே, பழைய ரேமோடு பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

இனிதான் நான் விழுந்த குழி. போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது. இரண்டில் 32 ஜி.பி. ஸ்டிக்குகள். இன்னும் இரண்டு வாங்கிப் போட்டால் 128. குழந்தைகூடச் சொல்லும் கணக்கு.

ஏ.எம்.டி. தன் பிராசஸர்களுக்குத் தரும் விவரப் பக்கத்தில் எளிதில் கண்ணில் படாத சில வரிகள் உண்டு. என்னிடம் உள்ள ரைசன் 9 7950எக்ஸில் இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வேகம் வரை, நான்கு போட்டால் 3600 வரைதான் உத்தரவாதம். அடுத்து வந்த 9950எக்ஸில் இரண்டுக்கு 5600. நான்குக்கு அதே 3600. இன்டெலிலும் எண்கள் மாறுமே தவிர விஷயம் இதுதான். ஏன் இப்படி? நான்கு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான். ஒவ்வொரு சேனலின் கம்பிகளிலும் இரண்டு ஸ்லாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன. பெரிய கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து நிதானமாகப் பேசினால் புரியும். வேகமாகப் பேசினால் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் வந்து விழுந்து ஒன்றும் புரியாது. மின் சைகைக்கும் எதிரொலி உண்டு. கம்பியில் கூடுதலாக ஒரு ஸ்டிக் சேர்ந்தால் எதிரொலி கூடும், வேகத்தைக் குறைத்தால்தான் புரியும். இரண்டு ஸ்டிக் மட்டும் போடுபவர்கள் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும் என்று கையேடுகள் சொல்வதும் இதனால்தான்; கம்பியின் முனையில் இருப்பவை அவை. முன்னால் உள்ளதில் போட்டால் மீதிக் கம்பி சும்மா தொங்கிக்கொண்டு எதிரொலிக்கும்.

ஆகவே 128 ஜி.பி. வேண்டுமென்றால் நான்கு 32 அல்ல, இரண்டு 64. 96 போதுமென்றால் இரண்டு 48. பெரிய கொள்ளளவு வேண்டுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளில் முக்கியமானது இதுதான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவது கடைசி வழி.

ஆனால் பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே? அது இரண்டாவது குழி. ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வகுத்த வேகங்கள், இன்ன தாமதம் என்ற விவரங்களோடு, ஸ்டிக்கில் உள்ள ஒரு குட்டி சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதோடு கூடவே தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு வேகத்தையும் எழுதி வைப்பார். இன்டெல் உலகில் இதற்கு எக்ஸ்.எம்.பி. என்றும், ஏ.எம்.டி. உலகில் எக்ஸ்போ என்றும் பெயர். பயாஸில் அதை நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் 6000 வரும். இல்லாவிட்டால் 4800 போல ஏதாவது ஒன்றில் ஓடும். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஓவர்கிளாக் வேகம். ஸ்டிக் அதைத் தாங்கும் என்கிறார் தயாரிப்பாளர். உங்கள் பிராசஸர் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

வேகத்தைத் தொடர்ந்து சி.எல். என்று ஓர் எண் இருக்கும். கேட்டதிலிருந்து பதில் வர எத்தனை துடிப்பு ஆகும் என்பது. 6000 வேக ரேமின் கடிகாரம் உண்மையில் 3000 மெகாஹெர்ட்ஸ்தான். துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போகிறது. சி.எல். 30 என்றால் 30-ஐ 3000 மெகாஹெர்ட்ஸால் வகுக்க, 10 நானோ செகண்ட். பழைய டி.டி.ஆர்.4-ல் 3200 வேகமும் சி.எல். 16-ம் இருந்தால்? 16-ஐ 1600 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அதே 10 நானோ செகண்ட்! தலைமுறை மாறியும் காத்திருக்கும் நேரம் மாறவில்லை. ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு வரும் அளவுதான் கூடியிருக்கிறது. சிறிய சி.எல். எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது குழி கொஞ்சம் சூட்சுமமானது. நான் புதிதாக வாங்கிய இரண்டு ஸ்டிக்குகளும் பழையவற்றின் அதே தயாரிப்பு, அதே மாடல் எண். கடையின் தளமும் பொருந்தும் என்றே சொன்னது. ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். பட்டுப்புடவை வாங்கி ஆறு மாதம் கழித்து அதே கடையில் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி வாங்கப் போனால் சேராது, சாயம் வேறு. ரேம் ஸ்டிக்குகளிலும் மாடல் எண் மாறாமல் உள்ளே சிப் மாறும். உலகில் ரேம் சிப் செய்யும் பெரிய நிறுவனங்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே மூன்று. ஸ்டிக் விற்பவர்களில் பலர் இவர்களிடம் கிடைத்ததை வாங்கி ஒட்டுபவர்கள். என் பழைய ஜோடியில் ஒருவருடைய சிப், புது ஜோடியில் மற்றவருடையது. இரண்டு ஸ்டிக் ஒரே பெட்டியில் வந்தால் ஜோடியாகச் சோதித்த உத்தரவாதம் அந்த இரண்டுக்கு மட்டும்தான். இரண்டு பெட்டி வாங்கினால் அது நால்வர் அணி ஆகிவிடாது. வேண்டிய அளவை ஒரே பெட்டியில், ஒரே தடவையில் வாங்குங்கள்.

மதர்போர்டு தயாரிப்பாளர்கள் தாங்கள் சோதித்த ரேம்களின் பட்டியலைத் தளத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்ப்பவர்களும் மாடல் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வலது ஓரத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று பத்திகள் இருக்கும்: எத்தனை ஸ்டிக் போட்டுச் சோதித்தார்கள் என்பதற்கு. இரண்டில் குறி இருந்து நான்கில் காலியாக இருக்கும் வரிகள்தான் அதிகம். என் ரேமும் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் பார்த்தேன்.

நான்கையும் செருகி 6000-ல் வைத்தபோது கணினி நல்ல பிள்ளையாகவே எழுந்தது. விண்டோஸ் 128 ஜி.பி. என்று காட்டியது. எனக்கு மகிழ்ச்சி. மாதத்தில் ஒரு தடவை உலாவி தானாக மூடிக்கொண்டது. அதையெல்லாம் யார் கண்டுகொள்கிறார்கள்? ரேம் அடியோடு பொருந்தாவிட்டால் கணினி கிளம்பவே கிளம்பாது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். முக்கால் பங்கு பொருந்துவதுதான் ஆபத்து. நூறு கோடி தடவையில் ஒரு தடவை ஒரு பிட் புரளும். படத்தின் புள்ளியில் புரண்டால் ஒரு புள்ளி நிறம் மாறும், தெரியாது. சுருக்கிய படக்கோப்பில் புரண்டால் அந்த இடத்துக்குப் பிறகு விரித்துப் படிக்கும் கணக்கே பிசகி, மீதிப் பக்கம் வண்ணக் கோடுகளாகிவிடும். ஒப்பாரிக்கு நேர்ந்தது அதுதான்.

பொருத்தம் சரியாக இருந்தாலும் பிட் புரளும் என்பது வேறு கதை. 2003 மே மாதம் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் அதிகமாக விழுந்திருந்தன. இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. மென்பொருளில் பிழை ஏதும் அகப்படாமல், ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் பிழை நேர்ந்ததாகச் சொன்னார்கள். இதற்கு வைத்தியம் ஈ.சி.சி. ரேம். கூடுதல் சிப் வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தி, அதைத் தகவலும் சொல்லும். டி.டி.ஆர்.5 எல்லாவற்றிலும் ஈ.சி.சி. உண்டே என்று விற்பனைப் பக்கங்கள் சொல்வதை நம்பாதீர்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம். சிப்பிலிருந்து பிராசஸர் வரும் வழியில் புரண்டால் அதற்குத் தெரியாது. என் பிரச்சினை வழியில்தான் இருந்தது. நிஜ ஈ.சி.சி.க்குப் போர்டும் ஒத்துழைக்க வேண்டும். ஏ.எம்.5 போர்டுகளில் சிலது செய்யும், சிலது ஈ.சி.சி. ஸ்டிக்கை ஏற்றுக்கொண்டு சாதாரண ரேமாக ஓட்டும். இந்த வித்தியாசத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும். ஆவணம் சேர்ப்பவர்களுக்கு ஆர்.ஜி.பி. விளக்குகளைவிட இது உபயோகம் என்பது என் கட்சி.

ஈ.சி.சி. தேடும்போது பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் மலிவாகக் கண்ணில் படும். ஆர்-டிம் என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். டி.டி.ஆர்.4-ல் அது ஸ்லாட்டில் உட்காரும், கணினி கிளம்பாது. டி.டி.ஆர்.5-ல் உட்காரவே உட்காராது. நமக்கு வேண்டியது யு-டிம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு 128 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. அதற்கு மேல் போகிறவர்கள் புரோ பதிப்புக்குப் போக வேண்டும். டி.டி.ஆர்.5-ல் புது ரேமோடு முதல் தடவை கிளப்பும்போது, கம்பிகளோடு பழகிக்கொள்ள கன்ட்ரோலருக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பெரிய கொள்ளளவு என்றால் இன்னும் நேரமாகும். திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைக் கொன்றுவிட்டோம் என்று பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

ரேம் போட்ட அன்றே மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யில் போட்டு இரவு முழுக்க ஓட்டுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பு தேறவில்லை என்று அர்த்தம். நான் ஏழு மாதம் தாமதமாக ஓட்டினேன். நாற்பதாவது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி வந்தது.

இரண்டு 64 வாங்கிப் போடலாமே என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. 2025-ன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போனதால் ரேம் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்போவை அணைத்து, நான்கையும் ஏ.எம்.டி. சொன்ன 3600-லேயே வைத்தேன். இரண்டு இரவு மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழையும் இல்லை. ஸ்கேன் வேலையில் வேகக் குறைவு தெரியவே இல்லை. மொழி மாதிரியில்தான் தெரிகிறது. ஒவ்வொரு சொல்துண்டுக்கும் அது 35 ஜி.பி.யையும் ஒரு முறை படித்தாக வேண்டும். 6000-ல் இரண்டு சேனலுக்குமாக நொடிக்கு 96 ஜி.பி. போகும், 3600-ல் 57.6-தான். நொடிக்கு இரண்டரைத் துண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றரை வருகிறது. வரட்டும்.

எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் பதினாலு பக்கங்கள் கெட்டிருந்தன. நண்பர் தன் சித்தியிடம் சொல்லி, ஊரில் அந்தப் பக்கங்களை மட்டும் செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பதின்மூன்று கிடைத்தன. இடையில் ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, ஒன்பதாவது நோட்டில் மை கரைந்திருந்தது. அந்த ஒப்பாரிப் பக்கத்தின் மேல்பாதி மட்டும் இருக்கிறது. கோப்பின் பெயரில் 'பாதி' என்று சேர்த்து வைத்திருக்கிறேன்.